நாற்பதுக்குப் பிறகு நெடுந்தூர ஓட்டம்: பயிற்சி, ஓடும் முறை, வயது – முழுமையான வழிகாட்டி

வயது ஏறும்போது ஓட்டம் மெதுவாவதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு: காலடி குறுகிவிடுகிறது. முப்பது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் அடி வைக்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் கடக்கும் தூரம்தான் குறைந்துபோகிறது. தரையைப் பின்னுக்குத் தள்ளி உடலை முன்னே செலுத்தும் வேலையில் கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. வயதில் வலு இழப்பது அதிகம் தெரிவதும் அங்கேதான்.

ஆனால் நாற்பது, ஐம்பதைத் தாண்டிய பலரும் ஸ்டாமினாவை நினைத்தே கவலைப்பட்டு, வாரா வாரம் கிலோமீட்டரை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். தொடர்ந்து ஓடுகிறவரிடம் ஸ்டாமினா அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. உந்தும் வலுவும், கடுமையான ஓட்டத்திலிருந்து உடல் மீண்டுவரும் வேகமும்தான் முதலில் கைவிடுகின்றன. இந்த இரண்டையும் காப்பாற்றும் விதமாகப் பயிற்சியை எப்படி மாற்றி அமைப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். புதிதாக ஓட வருபவருக்கும், இருபது வருடமாக ஓடிக்கொண்டிருப்பவருக்கும் இது பொருந்தும்.

வயது எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது

உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதைக் காட்டும் அளவு வி.ஓ.டூ மேக்ஸ். முப்பதுக்கு மேல், உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு இது பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல், அதுவும் வேகப் பயிற்சியைக் கைவிடாமல் ஓடுகிறவர்களுக்கு அந்தச் சரிவு ஏறத்தாழ பாதியாகிறது. அதிகபட்ச இதயத் துடிப்பு குறைவதை மட்டும் எந்தப் பயிற்சியாலும் தடுக்க முடியாது. தசையில் வேகமாகச் சுருங்கும் இழைகள் மெலிகின்றன. மெதுவாகச் சுருங்கும் இழைகள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் பழுது பார்த்துக்கொள்ள முன்பைவிட அதிக நாள் கேட்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், நெடுந்தூர ஓட்டத்துக்கு மிகவும் வேண்டிய ஒன்று தங்கிவிடுகிறது. ஒரே வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற சிக்கனம், நன்கு பயிற்சி பெற்ற அறுபது வயதுக்காரரிடமும் இளையவர்களிடம் இருப்பதைப் போலவே இருக்கிறது. அதனால்தான் நூறு மீட்டர் ஓட்டத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வயதுகளை மாரத்தானில் பார்க்கிறோம். 1984 ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றபோது போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸுக்கு 37 வயது. மறு வருடம் ரோட்டர்டாமில் 2:07:12 ஓடி உலக சாதனையும் படைத்தார். 2008 ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் தங்கம் வென்ற ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டாவுக்கு 38. கென்யாவின் எலியுட் கிப்சோகே பெர்லினில் 2:01:09 ஓடியது 37 வயதில்.

இவர்கள் தொழில்முறை வீரர்கள். எனக்கு இவர்களைவிட முக்கியமானவர் கனடாவின் எட் விட்லாக். எழுபது வயதுக்கு மேல் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் மனிதர் அவர்தான். 2004-ல், 73 வயதில், டொரன்டோவில் 2:54:48. 2016-ல் அதே ஊரில், 85 வயதில், 3:56:34. தன் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் சிறு சிறு சுற்றுகளாக, குறுகிய அடிகளில், மிக மெதுவாக மூன்று மணி நேரம் வரை ஓடுவார். இதைக் கேட்டவர்கள் மெதுவாக ஓடினாலே போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் அடிக்கடி சிறு தூரப் பந்தயங்களில் கலந்துகொண்டு முழு வேகத்தில் ஓடினார், அவருடைய வேகப் பயிற்சி அதுவாகவே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984 முதல் ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் ஏறத்தாழ இருபது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஓடியவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலாக வரவில்லை. அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத நிலை அவர்களுக்குப் பல வருடம் தள்ளிப்போனது. 19 வருட முடிவில் ஓட்டக்காரர்களில் 15 சதவீதமும் மற்றவர்களில் 34 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஓட முடிகிறவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும், ஓடினால் கால் போய்விடும் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

முதல் படி: மருத்துவரிடம் ஒரு முறை

நாற்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவரும், சில வருடம் விட்டுவிட்டுத் திரும்ப வருபவரும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தாலோ, புகைப்பழக்கம் இருந்தாலோ டிரெட்மில் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சமாளித்து ஓடி முடிக்கும் விஷயம் இல்லை இது.

பல வருடம் ஓடியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீண்ட காலம் கடுமையாகப் பயிற்சி செய்த ஆண்களிடம், இதயத் துடிப்பு தாறுமாறாக அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சற்று அதிகமாகக் காணப்படுகிறது. ஓடாமல் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடத்தாலோ, வாட்ச் காட்டும் துடிப்பு காரணமில்லாமல் எகிறினாலோ, வாட்ச் கோளாறு என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: ஈஸி ரன் உண்மையிலேயே ஈஸியாக இருக்கட்டும்

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற மாணவர்களை உருவாக்கியவர். எண்ணூறு மீட்டர் ஓடுபவருக்கும் வாரத்தில் நூறு மைல் நீண்ட ஓட்டம் கொடுத்து முதலில் அடித்தளம் போட்டார். உடலை வருத்தாமல் பயிற்சி செய் என்பதுதான் அவர் எப்போதும் சொன்னது. நூறு மைல் நமக்குத் தேவையில்லை, அந்த வரிசைமுறை தேவை. நிதானமான ஓட்டத்தில் தசையைச் சுற்றிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, இழைகளுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகின்றன, உடல் கொழுப்பை எரிபொருளாக எடுக்கப் பழகுகிறது. வேகத்தைக் கூட்டினால் இந்தப் பலன் அதே அளவில் கூடுவதில்லை. களைப்பு மட்டும் கூடுகிறது.

எது ஈஸி? பக்கத்தில் ஓடுகிறவரிடம் இடையில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். ஹார்ட் ரேட் பார்த்து ஓடுகிறவர்கள் 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கை விட்டுவிடலாம். வயதானவர்களுக்கு அது குறைத்துக் காட்டும். வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பது கொஞ்சம் நெருங்கி வரும். 65 வயதுக்காரருக்குப் பழைய கணக்கில் 155, புதிய கணக்கில் 162 அல்லது 163. இதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்போ அதற்கு மேலோ மாறலாம். அதனால் எண்ணும் பேச்சும் முரண்பட்டால் பேச்சை நம்புங்கள்.

மொத்தப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி ஓட வேண்டும். உலகத்தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளிலும் இந்த விகிதம்தான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. நம்மிடையே நடப்பது வேறு: எல்லா நாளும் நடுத்தர வேகம். ஈஸி நாளில் கொஞ்சம் அதிகம், கடும் நாளில் கால் களைத்துப்போய்க் கொஞ்சம் குறைவு. இருபத்தைந்து வயது உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். ஐம்பது வயது உடல் தாங்காது. குழுவோடு ஓடுகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவரைப் பார்த்து வேகம் தானாக ஏறிவிடும்.

முற்றிலும் புதியவர்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நாள் தொடங்கலாம். ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடும் நிலைக்கு வந்தால் போதுமானது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். புதியவர்கள் காயப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

தூரத்தைக் கூட்டும்போது வாரத்துக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கு பிரபலம். அதில் பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் மெல்லக் கூட்டி, நான்காவது வாரம் கால்பங்கு குறைத்து ஓடுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டு வாரம் கூட்டி மூன்றாவது வாரம் குறைக்கலாம்.

மூன்றாம் படி: ஏழு நாள் கணக்கை விடுங்கள்

வயதான ஓட்டக்காரருக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு லாங் ரன் (நீண்ட ஓட்டம்), ஒரு டெம்போ (சீரான வேக ஓட்டம்), ஒரு இன்டர்வல் (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது) என்று மூன்று கடும் ஓட்டங்களை ஏழு நாளுக்குள் அடைப்பது இளைஞர்களுக்கான திட்டம். இருபதுகளில் ஒரு கடும் ஓட்டத்திலிருந்து மீள 48 மணி நேரம் போதும் என்றால் ஐம்பதுகளில் 72 மணி நேரம் ஆகலாம். எந்தப் பயிற்சியையும் வெட்ட வேண்டியதில்லை. அவற்றைப் பத்து நாளில் பரப்புங்கள்.

முதல் நாள் லாங் ரன். இரண்டாம் நாள் ஓய்வு, வேண்டுமானால் நடை. மூன்றாம் நாள் 40 முதல் 50 நிமிடம் ஈஸி. நான்காம் நாள் இன்னும் கொஞ்சம் ஈஸி ஓட்டம், முடிவில் ஸ்ட்ரைட்ஸ் எனப்படும் சிறு வேக ஓட்டங்கள் (அடுத்த படியில் விளக்கியிருக்கிறேன்). ஐந்தாம் நாள் டெம்போ, மாலையில் வலுப் பயிற்சி. ஆறாம் நாள் ஓய்வு. ஏழாம் நாள் ஈஸி. எட்டாம் நாள் மேட்டு ஓட்டம் அல்லது இன்டர்வல், அன்று மாலையும் வலுப் பயிற்சி. ஒன்பதாம் நாள் ஓய்வு அல்லது சைக்கிள். பத்தாம் நாள் குறுகிய ஈஸி, ஸ்ட்ரைட்ஸ். அடுத்த நாள் மீண்டும் லாங் ரன்.

வலுப் பயிற்சியைக் கடும் ஓட்ட நாளிலேயே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஓய்வு நாளில் எடை தூக்கினால் அது ஓய்வு நாள் இல்லை. வேலை, குடும்பம் காரணமாக லாங் ரன்னை விடுமுறை நாளில்தான் ஓட முடியும் என்பவர்கள் பதினான்கு நாள் சுற்றாக அமைத்துக்கொள்ளலாம்: ஒரு வார இறுதியில் முழு லாங் ரன், அடுத்த வார இறுதியில் அதில் அறுபது சதவீதம். இடையில் மொத்தம் மூன்று வேக ஓட்டங்கள் போதும்.

நான்காம் படி: வேகத்தை விட்டுவிடாதீர்கள்

வயதாகிவிட்டது, இனி மெதுவாக ஓடிக்கொள்வோம் என்று வேகப் பயிற்சியை நிறுத்துவதுதான் சரிவை விரைவுபடுத்துகிறது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் ஈஸி ரன்னில் பெரிதாக வேலைக்கு அழைக்கப்படுவதில்லை. அழைக்காத இழை மெலிந்துபோகும்.

தொடக்கம் ஸ்ட்ரைட்ஸ். ஈஸி ரன் முடிந்தபின் சமதளத்தில் 20 விநாடி, படிப்படியாக வேகம் ஏற்றி, முழு வேகத்துக்குச் சற்றுக் கீழே வந்து, மெல்லக் குறைப்பது. நடுவில் மூச்சு முழுதும் சீராகும்வரை நடை. நான்கு முதல் ஆறு முறை. இதில் களைப்பு வரக் கூடாது. கால் வேகமாக நகர எப்படி இருக்கும் என்பதை உடல் மறக்காமல் வைத்திருப்பதே நோக்கம்.

ஒரு மாதம் ஸ்ட்ரைட்ஸ் ஓடியபின் மேடு. மிதமான ஏற்றத்தில் 45 விநாடி வலுவாக ஓடி, நடந்து இறங்குவது, ஆறு முறை. மேட்டில் கால் தரையில் மோதும் வேகம் குறைவு, உந்தும் வேலை அதிகம். நமக்கு வேண்டியதும் அதுதான். அக்கிலிஸ் என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் குதிகால் தசைநாணில் வலி இருப்பவர்கள் மட்டும் மேட்டைத் தவிர்க்க வேண்டும், ஏற்றத்தில் அது கூடுதலாக இழுபடும்.

டெம்போ என்பது ஒரு மணி நேரம் பந்தயமாக ஓடினால் எந்த வேகத்தில் ஓடுவீர்களோ அந்த வேகம். தொடர்ந்து 20 நிமிடம் ஓடலாம். ஐம்பதுக்கு மேல் எட்டு நிமிடம் வீதம் மூன்று முறை, நடுவில் இரண்டு நிமிடம் மெது ஓட்டம் என்று உடைத்து ஓடினால் கால் தாங்கும், பலனில் பெரிய குறை இல்லை. இன்டர்வல் ஓட்டத்தில் மூன்று நிமிடம் வீதம் ஐந்து முறை, கடைசி முறையும் முதல் முறையும் ஒரே வேகத்தில் இருக்கும்படி ஓடுங்கள். எந்த வேக ஓட்டத்துக்கும் முன்னால் 15 முதல் 20 நிமிடம் வார்ம்-அப் கட்டாயம். நேரம் இல்லை என்றால் வேக ஓட்டத்தைச் சுருக்குங்கள், வார்ம்-அப்பைச் சுருக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஓடும் முறை

ஓடும் முறையில் திருத்த வேண்டிய பெரிய குறை ஒன்றுதான்: அகலக்கால் வைப்பது. பாதம் உடலுக்கு வெகு முன்னால், முழங்கால் நீட்டிய நிலையில் தரையில் பட்டால் ஒவ்வோர் அடியிலும் பிரேக் விழுகிறது. அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. காலடி குறுகிவிட்டது என்று தெரிந்ததும் காலை முன்னால் நீட்டி ஈடுகட்டப் பார்ப்பவர்கள் உண்டு. காலடியின் நீளம் பின்னால் தள்ளுவதிலிருந்து வர வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, உங்கள் வழக்கமான வேகத்தில் ஓடுவதை மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். முழங்காலுக்கு நேர் கீழேயோ சற்று முன்னாலோ பாதம் இருந்தால் நல்லது. கணுக்கால் முழங்காலைத் தாண்டி முன்னே நீண்டு, பாதத்தின் நுனி வானத்தைப் பார்த்தால் கேடன்ஸைக் கூட்ட வேண்டும்.

கேடன்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. 1984 ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்தபோது, நெடுந்தூர வீரர்களில் ஏறத்தாழ எல்லாருமே 180-க்குக் குறையாமல் அடி வைத்தார்கள். அதிலிருந்து 180 எல்லாருக்கும் விதி ஆகிவிட்டது. அவர் எண்ணியது பந்தயத்தில் பறந்துகொண்டிருந்தவர்களை. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் ஓடுகிறவர் அதை நகலெடுக்க வேண்டியதில்லை. உங்கள் இப்போதைய எண்ணிக்கையை ஒரு நிமிடம் எண்ணி, அதில் ஐந்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள். 160 என்றால் 168. அதே வேகத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் கேடன்ஸ் கூடினாலே முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது என்பது ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். ஓட்டத்தில் ஐந்து நிமிடம் கூட்டி ஓடுவது, ஐந்து நிமிடம் மறந்துவிடுவது என்று ஆறு வாரம் செய்தால் பழகிவிடும்.

காது நல்ல துணை. இயர்போனைக் கழற்றிவிட்டு உங்கள் காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். ஓங்கி அறையும் சத்தம் வந்தால், அல்லது இடது காலுக்கும் வலது காலுக்கும் சத்தம் வேறாக இருந்தால், எங்கோ சரியில்லை. லாங் ரன்னின் கடைசி அரைமணி நேரத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள். களைப்பில்தான் உண்மையான ஓடும் முறை வெளிப்படும்.

முன்பாதமா குதிகாலா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். குதிகாலில் இறங்குகிறவர் வலுக்கட்டாயமாக முன்பாதத்துக்கு மாறினால் முழங்காலின் சுமை கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் இடம்மாறுகிறது, வயதில் வலு குறையும் இடமே அதுதான். தோளைத் தளர்த்துங்கள், கையை உடலுக்குக் குறுக்கே வீசாமல் முன்பின்னாக வீசுங்கள், பார்வை இருபது முப்பது மீட்டர் முன்னால் இருக்கட்டும். மற்றதை உடலே பார்த்துக்கொள்ளும். ஷூவில், காலில் போட்டதுமே வசதியாக இருப்பதை எடுங்கள். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

ஆறாம் படி: கெண்டைக்காலுக்கு வலு

படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், குதிகால் காற்றில் தொங்கட்டும். சமநிலைக்காகச் சுவரில் ஒரு விரல் போதும். இரண்டு காலாலும் மேலே எழும்பி, ஒரு காலைத் தூக்கிவிட்டு, மற்றொரு காலால் மூன்று விநாடி எண்ணி மெல்ல இறங்குங்கள். குதிகால் படிக்குக் கீழே, கெண்டைக்கால் நன்கு இழுபடும்வரை போக வேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று. இதை முழங்கால் நேராக இருக்கும்படி ஒரு தடவையும், சற்று மடக்கி ஒரு தடவையும் செய்ய வேண்டும். மடக்கும்போது உள்ளே இருக்கும் சோலியஸ் தசை வேலை செய்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் அதிகம் உழைப்பது அந்தத் தசை. 1998-ல் ஸ்வீடனின் ஹகன் ஆல்ஃபிரெட்சன் அக்கிலிஸ் வலிக்குச் சிகிச்சையாக வெளியிட்ட பயிற்சி இதுதான்; நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். வலி இல்லாதவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

சமதரையில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி எத்தனை முறை எழும்ப முடிகிறது என்று இரண்டு காலுக்கும் தனித்தனியே எண்ணுங்கள். இருபதைத் தொட முடியாதவர், என் கணிப்பில், கிலோமீட்டரைக் கூட்டும் முன் இதைக் கூட்ட வேண்டும். இருபது எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் எடை ஏற்றுங்கள். தசைநாண் எடைக்குத்தான் அசையும், எண்ணிக்கைக்கு அல்ல.

இதோடு ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), ஒற்றைக் கால் டெட்லிஃப்ட் (ஒரு காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது), படி ஏறி இறங்குவது. ஆறு முதல் எட்டு முறைக்கு மேல் முடியாத எடையில் செய்யுங்கள்; லேசான எடையில் முப்பது நாற்பது முறை செய்வது ஓட்டத்திலேயே கிடைத்துவிடும் பயிற்சி. இந்த அடித்தளம் வந்தபின் ஸ்கிப்பிங் கயிறு, 30 விநாடி வீதம் நான்கு முறை. குதிக்கும்போது எலும்புக்கும் வலு ஏறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு அடர்த்தி வேகமாக இறங்குவதால் எடைப் பயிற்சி அவர்களுக்கு விருப்பத் தேர்வு இல்லை, அவசியம். எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருப்பது தெரிந்தால் குதிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

ஏழாம் படி: லாங் ரன், தண்ணீர், எரிபொருள்

லாங் ரன்னைக் கிலோமீட்டரில் எண்ணாமல் நேரத்தில் எண்ணுங்கள். மூன்று மணி நேரத்தில் மாரத்தான் ஓடுகிறவருக்கு 32 கிலோமீட்டர் என்பது சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். ஐந்து மணி நேரத்தில் ஓடுகிறவருக்கு அதே தூரம் நான்கு மணி நேரத்தை நெருங்கும். இரண்டாமவர் படும் அடி மிக அதிகம். மூன்று மணி நேரம், அதிகபட்சம் மூன்றேகால், போதும். வேண்டுமானால் இடையிடையே நடந்து ஓடுங்கள், 42.195 கிலோமீட்டரை நடை கலந்து முடிப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஓட்டக்காரர்களுக்கென்று சிறு பாக்கெட்டில் வரும் மாவுச்சத்து ஜெல்லோ, பானமோ, பந்தயத்தில் எதை எடுக்கப் போகிறீர்களோ அதையே லாங் ரன்னில் பழகுங்கள். குடலும் பழக வேண்டிய உறுப்புதான். வயதாகும்போது தாக உணர்வு மங்கிவிடுவதால் வெயிலில் தாகத்தை மட்டும் நம்ப முடியாது. அதற்காக அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இரண்டு சதவீதம் வரை குறைந்திருந்தால் சரி. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

எட்டாம் படி: மீள்வது, வலியைப் படிப்பது

வயதான தசை, புரதத்துக்கு முன்பு போலச் சட்டென்று பதில் சொல்வதில்லை. நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 96 கிராம். அதை ஒரே வேளையில் அடைக்காமல் வேளைக்கு 25 முதல் 30 கிராமாகப் பிரியுங்கள். எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டை வெட்டிக்கொண்டே மாரத்தானுக்குப் பயிற்சி செய்வது எலும்பு விரிசலில்தான் கொண்டுபோய் விடும். இரண்டையும் வேறு வேறு பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்கு ஈடான மருந்து எதுவும் விற்பனைக்கு இல்லை. ஐந்து மணி நேரம் தூங்கிய மறுநாள் இன்டர்வல் ஓடுவதைவிட அதை ஒரு நாள் தள்ளிவைப்பது நல்லது.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள். மூன்று வரை இருந்து, ஓடும்போது கூடாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஓடலாம். அதற்கு மேல் போனால் குறையுங்கள். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் எலும்பு வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதித்ததும் சுரீரென்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விட்ட நாட்களைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரத்தில் திணிக்காதீர்கள். போன பயிற்சி போனதுதான்.

ஒன்பதாம் படி: பந்தயமும் அதற்குப் பின்னும்

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தூரத்தைக் குறைக்கத் தொடங்கி, வழக்கமானதில் பாதிக்குக் கொண்டுவாருங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம்; எட்டு நிமிடம் மூன்று முறை ஓடிய டெம்போவை ஐந்து நிமிடம் இரண்டு முறை ஓடுங்கள், அதே வேகத்தில். சும்மா கிடந்தால் கால் மரத்துப்போகும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூன்று வாரம் தேவைப்படலாம்.

பந்தயத்தில் முதல் ஐந்து கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி மெதுவாக ஓடுங்கள். முதல் பாதியில் சேமித்த நிமிடங்கள் என்று எதுவும் மாரத்தானில் கிடையாது. 32-வது கிலோமீட்டருக்குப் பிறகு அவை இரட்டிப்பாகத் திரும்ப வசூலிக்கப்படும். இளவயது நேரத்தோடு இன்றைய நேரத்தை நேரடியாக ஒப்பிடாமல், வயதுக்கேற்ற தரத்தோடு சதவீதத்தில் ஒப்பிடும் ஏஜ் கிரேடிங் அட்டவணையைப் பாருங்கள். 35 வயதில் 3:30 ஓடியவர் 60 வயதில் 4:10 ஓடினால் அட்டவணைப்படி அவர் ஏறத்தாழ அதே தரத்தில்தான் இருக்கிறார். இதைப் பார்த்தபின் ஓட்டத்தைக் கைவிடும் எண்ணத்தையே மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பந்தயம் முடிந்தபின் எப்போது மீண்டும் வேகமாக ஓடலாம் என்பதற்கு நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. 32 வயதில் ஓடத் தொடங்கி, 41 வயதில், 1974 காமன்வெல்த் போட்டியில் 2:11:19 ஓடி வெள்ளி வென்றவர் அவர். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள்: மாரத்தான் என்றால் 26 நாள், அரை மாரத்தான் என்றால் 13 நாள், பந்தயமோ கடும் ஓட்டமோ கிடையாது. முதல் வாரம் நடையும் சைக்கிளும். இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைமணி நேர ஈஸி. மூன்றாம் வாரம் ஈஸி ஓட்டத்தை 50 நிமிடம் வரை கூட்டி, படிக்கட்டுப் பயிற்சியை மீண்டும் தொடங்குங்கள். நான்காம் வாரம் ஸ்ட்ரைட்ஸ். படியில் வேகமாக இறங்கும்போது கெண்டைக்காலில் இறுக்கமோ வலியோ இன்னும் இருந்தால் ஐந்தாம் வாரமும் ஈஸியிலேயே இருங்கள்.